சுடுபாகு தாங்கும் ஜாடி: நாலு கோடை அனுபவம்

ஜில்லென்று குடிக்கிற சர்பத்துக்குச் சூடு தாங்கும் ஜாடி எதற்கு என்று நானும் கேட்டவன்தான். வீட்டிலேயே நன்னாரி சர்பத் போட ஆரம்பித்த முதல் கோடையிலேயே பதில் கிடைத்துவிட்டது. வேரைத் தட்டி இரவெல்லாம் ஊறவைத்து, பாகு காய்ச்சி, ஆறியிருக்கும் என்று நினைத்து ஊறுகாய் வந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடிப்பாகம் தனியாகக் கழன்று பாகு மேடையெல்லாம் ஓடியது. எறும்புகளுக்கு ஒரு வாரம் திருவிழா.

அடுத்த முறை, காலி பெட் பாட்டில். அது உடையவில்லை, இடுப்பொடிந்து சுருங்கி நின்றது. பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும். பாகு கொதிப்பதோ 100-க்கு மேல்.

அப்புறம்தான் போரோசிலிகேட் என்கிற சூடு தாங்கும் கண்ணாடியில் செய்த ஒன்றரை லிட்டர் ஜாடி வாங்கினேன். உள்பக்கம் சுட்டு விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்க, அந்த இழுபறியில்தான் கண்ணாடி விரிசல் விடுகிறது. இந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரியும். பள்ளி ஆய்வகத்துக் குடுவைகளும் இதே ரகம்தான். வாங்கும்போது பெட்டியில் ‘போரோசிலிகேட் 3.3’ என்று இருக்கிறதா பாருங்கள்.

நாலு கோடையாகக் கொதிக்கும் டிகாக்‌ஷனும் பாகும் ஊற்றிவிட்டேன், சூட்டால் ஒரு கீறல் இல்லை. அதற்காகச் சுடுஜாடியை ஈர கிரானைட்டில் வைப்பதில்லை. கீழே ஒரு துணி போட்டுத்தான் வைப்பேன். ஆனால் சூடு தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. மெல்லிய கண்ணாடி. கழுவும்போது குழாயில் லேசாக இடித்ததற்கே விளிம்பில் ஒரு சில்லு போய்விட்டது. கம்பி நார் போட்டுத் தேய்க்கவும் கூடாது. கீறல் விழுந்த இடத்திலிருந்துதான் பின்னால் விரிசல் ஓடும்.

உண்மையில் முதலில் போனது மூடி. பிளாஸ்டிக் மூடி இரண்டாம் வருடமே வெடித்தது. அதிலிருந்த சிலிக்கோன் வாஷர் நன்னாரி வாசனையைக் குடித்துக்கொண்டு, ரோஸ் மில்க்கையும் நன்னாரி மில்க் ஆக்கியது. கழற்றிக் கழுவ முடியாத வாஷர் என்றால் வாங்கவே வேண்டாம். வாய் குறுகலான ஜாடியும் வேண்டாம். கை உள்ளே போகாவிட்டால் அடியில் ஒட்டிய சப்ஜா விதை அங்கேயே குடியிருக்கும்.

“எவர்சில்வர் பாத்திரத்தில் ஆறவைத்து எதில் வேண்டுமானாலும் ஊற்றேன்” என்பது அம்மாவின் கட்சி. பாகுக்கு அது சரிதான், செலவும் இல்லை. ஆனால் ஐஸ் டீக்கு, கொதிநீரை நேராகத் தேயிலையில் ஊற்றி, நிறம் இறங்குவதைப் பார்த்துச் சரியான நேரத்தில் வடிகட்ட வேண்டும். அங்கேதான் இந்த ஜாடிக்குக் கொடுத்த காசு செல்லுபடியாகிறது.

இப்போது அதற்கு மூடி, அம்மா கொடுத்த எவர்சில்வர் தட்டு.