பிளஸ் ஒன்னில் எந்த குரூப்: பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, பியூர் சயின்ஸா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே அரசு மேல்நிலைப் பள்ளி வாசலில் இந்தக் கேள்வி தொடங்கிவிடும். அறிவியல் பக்கம் போகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் இந்த மூன்றுதான் வழி. மூன்றிலும் இயற்பியலும் வேதியியலும் உண்டு. மீதி இரண்டு பாடங்களில்தான் வித்தியாசம்: பயோ-மேத்ஸில் கணிதமும் உயிரியலும், கம்ப்யூட்டர் சயின்ஸில் கணிதமும் கணினி அறிவியலும், பியூர் சயின்ஸில் கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும்.

பயோ-மேத்ஸைத்தான் ஃபர்ஸ்ட் குரூப் என்கிறோம். "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் ரெண்டு பக்கமும் போகலாம்" என்பார்கள். உண்மைதான். பயோ-மேத்ஸ் படித்தால் நீட்டும் எழுதலாம், பொறியியல் கலந்தாய்வுக்கும் போகலாம். ஆனால் சுமை அதிகம். மதிப்பெண் பட்டியலில் உயிரியல் ஒரே பாடம், 100 மதிப்பெண். படிக்கும்போது அதுவே இரண்டு பாடம்: தாவரவியல் தனி, விலங்கியல் தனி, எழுத்துத் தேர்வில் தலா 35. டாக்டர் ஆசையே இல்லாத பிள்ளையை "எதுக்கும் இருக்கட்டும்" என்று இதில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பூவின் பாகங்களை வரைந்துகொண்டிருக்கும் நேரம், அந்தப் பிள்ளை கணக்குப் போட வேண்டிய நேரம்.

பொறியியல்தான் என்று முடிவாகிவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தாராளமாகப் போதும். கலந்தாய்வில் இடம் தரப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் கணக்கிலேயே வராது. பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று கல்லூரிக்கு முன்பே கை பழகிவிடும். ஆனால் இதில் உயிரியல் இல்லை. நீட், நர்சிங் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இது வேண்டாம்.

பியூர் சயின்ஸை "கணக்கு வராதவங்க எடுக்கிறது" என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். நீட்டின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. தாவரவியலையும் விலங்கியலையும் முழுப் பாடங்களாகப் படிக்கிற பிள்ளைக்கு அங்கே அடித்தளம் பலமாக இருக்கும். சிக்கல் இயற்பியலில். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் ஆரம்பத்திலேயே வெக்டரும் நுண்கணிதமும் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான். கணிதம் எடுத்த பிள்ளையும் முதல் சில மாதம் திணறும், அப்புறம் சுதாரித்துக்கொள்ளும். பியூர் சயின்ஸ் பிள்ளைக்கு அந்த இரண்டாம் தொகுதி வரப்போவதே இல்லை. இயற்பியல் ஆசிரியர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

இங்கேதான் பெற்றோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பொறியியல் கட்-ஆஃபில் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து சரிபாதி. நீட்டிலும் 360, அதுவும் சரிபாதி. குரூப் எதுவானாலும் பாதி மதிப்பெண் இந்த இரண்டு பாடங்களில் இருக்கிறது. நாம் மற்ற பாதிக்காக மட்டுமே மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அதனால் சேர்க்கைக்குப் போகும்போது இந்த இரண்டுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் பிள்ளைகள் பியூரெட்டை (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாயை) தொடுகிறார்கள் என்றால், 20 மதிப்பெண் கிடைத்தாலும் வேதியியல் மனதில் நிற்காது.

இதற்குப் பயந்து தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. கடைசி இரண்டு வருஷம் இடம் மாறினால் அது போய்விடும். ஆசிரியர் பணியிடம் காலி என்று தெரிந்தால் ஜூன் மாதமே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அரையாண்டு வரை பொறுத்திருந்தால் இயற்பியலின் முதல் தொகுதி நடத்தப்படாமலே போய்விடும்.