நத்தை வளர்ப்புத் தொட்டி: சுவர் தேறியது, மூடி தேறவில்லை

நிலத்து நத்தைகளை வைத்துக் கவனிப்பதற்கென்று விற்கப்படும் கண்ணாடித் தொட்டி இது. வலை மூடி, தென்னை நார்த்தூள், நீர் தெளிப்பான், கணவாய் மீனின் ஓடு, சிறு கையேடு ஆகியவை உடன் வருகின்றன. பார்ப்பவரின் கண்ணுக்காகச் செலுத்திய கவனத்தில் பாதியையாவது நத்தையின் உடலுக்காகச் செலுத்தியிருக்கலாம் என்பதே என் மதிப்பீடு.

கண்ணாடியின் தெளிவைக் குறை சொல்ல இடமில்லை. நத்தை சுவரில் ஏறும்போது, பாதத்தின் அடியில் தசை அலைகள் பின்னிருந்து முன்னோக்கி நகர்வதை வெறுங்கண்ணாலேயே காணலாம். மாவுக் கரைசலை மெல்லியதாகச் சுவரில் பூசி உலரவிட்டால், நத்தை அதைச் சுரண்டித் தின்னும். ராடுலா எனப்படும், ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசை வரிசையாக அமைந்த நாக்குப் போன்ற பட்டை வெளிவந்து மறைவது அப்போது தெரியும். முன்வரிசைப் பற்கள் தேயத் தேயப் பின்னிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. ஓட்டின் விளிம்பருகே மூச்சுத்துளை திறந்து மூடுவதும் தெளிவாகப் புலப்படுகிறது.

மூடிதான் ஏமாற்றம். முழுவதும் வலையாக இருப்பதால் ஈரம் விரைவில் வெளியேறிவிடுகிறது. நீரிழப்பைத் தாங்காத நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயிலைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு உறக்கநிலைக்குப் போய்விடுகிறது. அது இறந்துவிட்டதென்று எண்ணித் தூக்கியெறிபவர்களும் உண்டு. வலையின் ஒரு பகுதியை நெகிழித் தாளால் மறைத்தால் ஈரம் நிற்கும். முழுவதையும் மறைத்தால் காற்றோட்டம் நின்று பூஞ்சை படரும்.

நார்த்தூளின் அளவும் போதவில்லை. முட்டையிடும் நத்தை மண்ணில் குழி தோண்டி முட்டைகளைப் புதைத்து வைப்பது வழக்கம் என்பதால், ஓட்டின் உயரத்தைப் போல இரு மடங்கு ஆழமேனும் வேண்டும். கணவாய் ஓடு மட்டும் நல்ல தேர்வு: நத்தையின் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது, ஓட்டு வாயிலின் விளிம்பில் புதிய படிவு சேரச்சேரத்தான் அது வளர்கிறது, அதற்கான சுண்ணாம்பு இதிலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது.

கையேட்டை நம்ப வேண்டாம். 'ஓர் ஆண், ஒரு பெண்' என்று இணையாக வாங்கச் சொல்கிறது; நிலத்து நத்தைகளில் பெரும்பாலானவை இருபாலுயிரிகள், இணைசேர்ந்த பின் இரண்டுமே முட்டையிடக்கூடும். பெற்ற விந்தணுக்களை நெடுநாள் சேமித்து வைக்கும் திறனும் இருப்பதால், தனியாக வாங்கிய ஒன்றே முட்டையிட்டாலும் வியப்பதற்கில்லை. அதைவிடப் பெரிய குறை, கை கழுவுவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லாதது. ஆப்பிரிக்கப் பெரு நத்தை உள்ளிட்ட சில இனங்கள் மனிதரின் மூளையுறையைத் தாக்கும் எலி நுரையீரல் புழுவின் இளம்புழுக்களைச் சுமக்கக்கூடியவை; சிறுவர்களுக்கான பொருள் என்று பெட்டியில் அச்சிட்டவர்கள் இந்த எச்சரிக்கையையும் அதே இடத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.