பிஎச்பி செயலியில் பிஹாட்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

மொத்த வியாபாரிகள் பில் போடுவதற்காகச் சிம்ஃபனி என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்ட ஓர் இணையச் செயலிக்கு, சில ஆண்டுகளாகப் பிஹாட் என்ற சோதனைக் கருவியைக் கொண்டு, செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை விவரிக்கும் நடத்தை சார்ந்த சோதனைகளை எழுதி வருகிறோம். வணிக விதிகளை அறிந்தவர்கள் ஃபீச்சர் கோப்புகளை (விதிகளைச் சாதாரண மொழியில் காட்சிகளாக எழுதிய கோப்புகள்) வாசிக்கும் வரையில்தான் இந்தக் கருவிக்கு மதிப்பு என்பது எங்கள் அனுபவம். உலாவியைத் தானாக இயக்குவதற்காக மட்டும் இதை நிறுவுபவர்களுக்கு, பராமரிக்க வேண்டிய இன்னோர் அடுக்குதான் மிஞ்சும்.

நிறுவல் பெரிய வேலையில்லை. பிஎச்பியின் தொகுப்பு மேலாளரான கம்போசர் வழியாகச் சேர்த்து இனிட் கட்டளையை ஓட்டினால், ஃபீச்சர்ஸ் கோப்புறையும் காட்சியின் ஒவ்வொரு வரிக்கும் (ஸ்டெப்) உரிய நிரலை எழுதுவதற்கான வெற்று கான்டெக்ஸ்ட் வகுப்பும் உருவாகிவிடும். துணைத் தொகுப்புகளில்தான் கவனம் தேவை. பழைய வழிகாட்டிகளில் காணப்படும் உலாவியை இயக்கும் மிங்க் நூலகத்தைப் பிஹாட்டோடு இணைக்கும் மூல நீட்சி கைவிடப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிஹாட் குழுவின் பதிப்பைச் சேர்க்க வேண்டும். அதே குழுவின் சிம்ஃபனி நீட்சி இருந்தால் கான்டெக்ஸ்ட் வகுப்புகளைச் சிம்ஃபனி உருவாக்கித் தரும் சர்வீஸ்களாகவே பதிவு செய்யலாம். தரவுத்தளத்தை அணுகும் ரெப்பாசிட்டரி, வரிக் கணக்கீட்டு வகுப்பு முதலியவை கன்ஸ்ட்ரக்டர் வழியே வந்து சேரும். விடைகளைச் சரிபார்க்கும் வசதி பிஹாட்டுக்குள் இல்லை என்பதால், நிரலின் சிறு பகுதிகளைச் சோதிக்கும் (யூனிட் சோதனை) கருவியான பிஎச்பியூனிட்டின் அசர்ட் வகுப்பை நாமே இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களை முதலில் ஈர்ப்பவை மிங்க் கான்டெக்ஸ்டில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டெப்கள். இந்தப் பக்கத்துக்குச் செல்கிறேன், இந்தக் கட்டத்தை நிரப்புகிறேன், இந்தப் பொத்தானை அழுத்துகிறேன் என்று ஒரு வரி நிரல்கூட எழுதாமல் சோதனையை அடுக்கிவிடலாம். ஆனால் படிவத்தில் ஒரு கட்டத்தின் பெயர் மாறினால் அதைத் தொட்ட காட்சிகள் அனைத்தும் உடையும்; எந்த விதியைச் சோதிக்கிறோம் என்பதும் பொத்தான்களுக்கிடையில் மறைந்துபோகும். ரூபி உலகில் இதே காரணத்துக்காக, பிஹாட்டைப் போன்ற கருவியான குக்கும்பரின் ரெயில்ஸ் தொகுப்பிலிருந்து இத்தகைய ஆயத்த ஸ்டெப்களை 2011இல் எடுத்தே விட்டார்கள். பிஹாட்டில் அவை இன்னும் இருக்கின்றன. இல்லாதிருந்தால் நன்று என்பேன்.

ஃபீச்சர் கோப்புகளை எழுதும் கெர்கின் மொழி தமிழையும் ஏற்கும். கோப்பின் முதல் வரியில் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால் போதும். அதன் தமிழ்த் திறவுச் சொற்கள் சற்று விறைப்பானவைதாம், ஆனால் பழகிவிடுகின்றன. உருபுகள் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், ஸ்டெப்களின் வடிவத்தை யூனிகோடுக்கான யூ குறியோடு ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (சொல்வடிவங்களைப் பொருத்தும் குறியீடு) எழுதுவதே எங்களுக்கு ஒத்துவருகிறது. எங்கள் ஜிஎஸ்டி கோப்பில் உள்ள ஒரு காட்சி இது (சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்பவை மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கான மத்திய, மாநில வரிகள்; ஐஜிஎஸ்டி மாநிலங்களுக்கிடையிலான விற்பனைக்கானது):

காட்சி: வாங்குபவர் சொல்லிப் பொருள் வேறொருவருக்குச் செல்கிறது
கொடுக்கப்பட்ட விற்பவர் தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர்
மேலும் வாங்குபவரின் முதன்மை அலுவலகம் சென்னையில் உள்ளது
மேலும் பொருள் புதுச்சேரியில் உள்ள மூன்றாம் நபருக்கு அனுப்பப்படுகிறது
எப்போது 18 சதவீத வரியில் 1,000 ரூபாய்க்குப் பில் போடப்படுகிறது
அப்பொழுது சிஜிஎஸ்டி 90 ரூபாய், எஸ்ஜிஎஸ்டி 90 ரூபாய்

தேவைக் குறிப்பில் இந்தக் காட்சி இல்லை. பொருள் போய்ச் சேரும் இடம் வேறு மாநிலமானால் ஐஜிஎஸ்டி, இல்லையென்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் என்ற இரண்டு காட்சிகளே முதலில் இருந்தன. அவற்றை வாசித்த கணக்காளர், வாங்குபவர் ஒருவராகவும் பொருளைப் பெறுபவர் வேறொருவராகவும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாங்குபவரின் சொற்படி பொருள் மூன்றாம் நபருக்குப் போகும்போது, ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி வாங்குபவரின் முதன்மை வணிக இடமே, எந்த வரி என்பதைத் தீர்மானிக்கும் வழங்கல் இடமாகக் கொள்ளப்படும். லாரி புதுச்சேரிக்குப் போனாலும் அந்த விற்பனைக்கு வரி தமிழ்நாட்டுக்குள்தான். மொத்த வியாபாரத்தில் இது அன்றாடம் நடப்பது. கணக்கீட்டு வகுப்புக்கான நிரலைத் தொடங்கும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிட்டது; யூனிட் சோதனைகளை அவரிடம் நீட்டியிருந்தால் வந்திருக்காது.

மேலே உள்ள காட்சியில் எந்தப் பக்கமும் பொத்தானும் குறிப்பிடப்படவில்லை என்பதால், அதை எந்த அடுக்கிலும் ஓட்ட முடியும். ஃபீச்சர் கோப்புகளையும் கான்டெக்ஸ்டுகளையும் ஒரு தொகுப்பாகப் பிணைக்கும் சூட் வசதி, 2014இல் வெளிவந்த பிஹாட் மூன்றாம் பதிப்பில் இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. ஒரே ஃபீச்சர் கோப்பை, கணக்கீட்டு வகுப்பை நேரடியாக அழைக்கும் கான்டெக்ஸ்டோடு ஒரு சூட்டிலும், பக்கங்களைத் திறந்து பில் போடும் கான்டெக்ஸ்டோடு இன்னொரு சூட்டிலும் இணைத்திருக்கிறோம். முதல் சூட்டை நிரல் மாறும்போதெல்லாம் ஓட்டுகிறோம். இரண்டாவதில் குறிச்சொல் இட்ட சில காட்சிகள் மட்டுமே ஓடும்.

தரவுத்தளம்தான் அதிக நேரத்தை விழுங்கியது. உலாவி இல்லாமலே பக்கங்களைப் பெறும் பிரவுசர்கிட் டிரைவரில் செயலியும் சோதனையும் ஒரே பிஎச்பி செயல்முறைக்குள் ஓடுவதால், ஒவ்வொரு காட்சியையும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து முடிவில் தரவைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் கருவி வழியே உண்மையான உலாவியைத் திறந்தால் செயலி வேறொரு செயல்முறையில் ஓடும். சோதனை எழுதி இன்னும் உறுதிசெய்யாத தரவு அதன் கண்ணில் படாது. அங்கே அட்டவணைகளைத் துடைத்து நிரப்புவதைத் தவிர வழியில்லை, அதற்கான நேரத்தையும் கொடுத்தே ஆக வேண்டும். பின்னணியில் தரவைப் பெறும் ஏஜாக்ஸ் பக்கங்களில், குறித்த நேரம் நிறுத்தும் ஸ்லீப் போட்டுக் காத்திருப்பதைவிட, மிங்க் செஷனின் வெய்ட் முறைக்கு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிபந்தனையைத் தருவது நம்பகமானது.

நிரல் மாறும்போது சோதனைகளைத் தானாக இயக்கும் சிஐ சேவையகத்தில் ஓட்டுபவர்கள் ஸ்ட்ரிக்ட் விருப்பத்தைச் சேர்க்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால், வரையறுக்கப்படாத ஸ்டெப்கள் இருந்தாலும் ஓட்டம் வெற்றியென்றே முடியும். தோற்ற காட்சிகளை மட்டும் மீண்டும் ஓட்டும் ரீரன் விருப்பம் அன்றாட வேலைக்கு உதவுகிறது. இணையாகப் பல காட்சிகளை ஓட்டும் வசதி உள்ளமைந்து வராதது ஒரு குறைதான். சூட்களைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்துச் சமாளிக்கிறோம்.

இதே குழு பராமரிக்கும் இன்னொரு செயலி, கிடங்கிலிருந்து வரும் கோப்புகளை வடிவம் மாற்றி வேறொரு சேவைக்கு அனுப்புகிறது. அதன் விதிகளை நிரலாளர்களைத் தவிர வேறு யாரும் வாசிக்கப்போவதில்லை. அங்கே பிஹாட்டைச் சேர்க்கவில்லை. பிஎச்பியூனிட் மட்டுமே ஓடுகிறது.