புது அசெம்பிளில் டிஸ்பிளே வரவில்லையா: உள்ளேயே பார்ப்பதா, வெளியே எடுப்பதா, கடைக்குப் போவதா?

கேரளத்துப் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் மச்சான் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவருக்கு ஐ5 12400எஃப், பி660 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று பாதி சாமான் கோயம்புத்தூரிலும் பாதி ஆன்லைனிலும் வாங்கி, அவருடைய பழைய கேபினட்டிலேயே நான் மாட்டிக் கொடுத்தேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. மூன்று நாள் அப்படியே. அந்த மூன்று நாளில் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வெளியே எடுத்து வைத்துப் பார்க்கிற கட்சி.

எந்த வழிக்குப் போவதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா (பேர் எஃப் என்று முடிகிற இன்டெல் ப்ராசஸரில் டிஸ்பிளே பகுதியே கிடையாது, போர்டில் சொருகினால் எத்தனை வருடம் காத்திருந்தாலும் படம் வராது), போர்டுக்குப் போகிற 24 பின் பவர் கேபிள் தவிர ப்ராசஸருக்கென்று மேல் மூலையில் இருக்கிற 8 பின் கேபிளும் போட்டாச்சா, கார்டுக்குத் தனி பவர் போகிறதா, ராம் 'டக்' என்று உட்கார்ந்ததா. டிடிஆர்5 போர்டாக இருந்தால் முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடம் ஆகும், அவசரப்பட்டு ஆஃப் செய்யக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருந்தால்தான் கேள்வியே.

கேபினட்டுக்குள் வைத்தே ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்ப்பது முதல் வழி. சுலபம், பத்து நிமிடத்தில் ஆரம்பித்துவிடலாம். ஒரு ராமை மட்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார்ப்பது, போர்டில் இருக்கிற பட்டன் செல்லைக் கழற்றி பயாஸை (மெஷினை எழுப்புகிற, போர்டிலேயே இருக்கிற புரோகிராம்) ரீசெட் செய்வது, இதெல்லாம் இதில் வரும். ராம்தான் பிரச்சனை என்றால் இதுவே போதும். இப்போது வருகிற நிறைய போர்டுகளில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி லைட் இருக்கிறது, எது அணையாமல் நிற்கிறதோ அங்கே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எங்களுக்கு டிராம் நின்றது. நானும் அதை நம்பி இரண்டு சாயங்காலம் ராமையே மாற்றி மாற்றிப் போட்டேன், நான்கு ஸ்லாட்டிலும். அந்த லைட் எந்த இடத்தில் நின்றது என்றுதான் சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. இதை அன்றைக்குத்தான் உறைக்கிற மாதிரி தெரிந்துகொண்டேன்.

கடைக்குக் கொண்டுபோவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். மாற்றிப் போட்டுப் பார்க்க அவர்களிடம் வேறு ப்ராசஸர், வேறு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இருக்கும், நம் வீட்டில் இருக்காது. பாலக்காட்டில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். "கொண்டு வரூ சேட்டா, நோக்காம், ப்ராசஸர் போயிட்டுண்டாவும்" என்றார் அந்தப் பையன். பார்க்காமலே ப்ராசஸர் போயிருக்கும் என்றதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமான் வாங்கியது ஒரு மாநிலத்தில், சர்வீஸ் இன்னொரு மாநிலத்தில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில், தனித்தனி வாரண்டி. 12400எஃப் உட்காருகிற எல்ஜிஏ1700 சாக்கெட்டில் ஊசி மாதிரி பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. அதில் ஒன்று வளைந்தாலும் 'கைபட்டு வந்த சேதம்' என்று வாரண்டியைத் தள்ளிவிடுவார்கள், யார் கை பட்டது என்று அப்புறம் எப்படி நிரூபிப்பது? கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கொடுக்கிற முன்பு சாக்கெட்டைப் பளிச்சென்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ எடுத்துப் போவதாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள், குலுங்கலில் ஸ்லாட் உடையும்.

மூன்றாவது நாள் ராத்திரி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். போர்டு வந்த அட்டைப்பெட்டியையே மேஜையில் கவிழ்த்து, அதன் மேல் போர்டை வைத்தேன். போர்டைச் சுற்றி வந்த வெள்ளி நிறக் கவர் மேல் வைக்கக் கூடாது, அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக் கூடியது. கூலரைக் கழற்ற வேண்டியதில்லை, போர்டோடு அப்படியே வந்துவிடும், ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட் மறுபடி போட வேண்டுமே என்ற பயமும் வேண்டாம். ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ், அவ்வளவுதான். எஸ்எஸ்டி இல்லை, முன்பக்க யுஎஸ்பி இல்லை, கேபினட்டின் பவர் பட்டன்கூட இல்லை. கார்டு ஒரு பக்கம் சாயாமல் இருக்க மச்சானின் பழைய ஆல்பம் இரண்டை முட்டுக்கொடுத்தேன். சன்னலைச் சாத்தச் சொன்னேன், எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் மேஜை முழுக்கப் புழுதி. அப்புறம் போர்டில் பவர் ஸ்விட்ச் என்று அச்சடித்த இரண்டு பின்னையும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டேன். ஃபேன் சுற்றியது, டிராம் லைட் எரிந்து அணைந்தது, விஜிஏ லைட்டும் எரிந்து அணைந்தது, மானிட்டரில் புது ப்ராசஸர் என்று செய்தி வந்தது. "மாமா, வந்திருச்சு!" என்று மச்சானின் பையன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சாமான் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் குற்றவாளி கேபினட்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ், 244 மில்லிமீட்டர் உயரம். புதுசு ஏடிஎக்ஸ், 305. கேபினட்டில் போர்டைத் தாங்குகிற பித்தளைக் கால்களில் மேல் வரிசை, நடு வரிசை இரண்டு போர்டுக்கும் ஒரே இடம். கீழ் வரிசை மட்டும் வேறு. புது போர்டுக்குக் கீழே புதிதாகக் கால் போட்டேனே தவிர, பழைய போர்டுக்கு இருந்த இரண்டு காலை எடுக்கவில்லை. அவை ஓட்டையே இல்லாத இடத்தில் போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்திருக்கின்றன. குறடால் இரண்டையும் திருகி எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன், முதல் அழுத்தலிலேயே வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கேபினட்டுக்குள் வைத்துக்கொண்டு நான் ராமை நூறு தடவை மாற்றியிருந்தாலும் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கால்கள் தொட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். வெளியே எடுக்கிற வழி ஒரே சோதனையில் கேள்வியை இரண்டாகப் பிளந்துவிடுகிறது: கோளாறு சாமானிலா, கேபினட்டிலா? வெளியே வந்ததும் டிஸ்பிளே வந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போகலாம், பின்பக்கத் தகட்டின் நாக்கு ஏதாவது போர்ட்டுக்குள் மடங்கியிருக்கிறதா, பவர் பட்டன் வயரில் கோளாறா என்று எதில் நிற்கிறதோ அது பிடிபடும். வெளியேயும் வரவில்லை என்றால் போர்டோடு சேர்த்து சாமான் ஆறுதான், அந்த ஆறை மட்டும் கடைக்கு எடுத்துப் போனால் போதும். அதற்கும் முன்னால், பழைய சரக்கு பி660 போர்டில் 13வது தலைமுறை ப்ராசஸர் போட்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள், பயாஸ் பழசாக இருந்தால் டிஸ்பிளே வராது. சில போர்டுகளில் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருக்கும், எஃப்ஏடி32 பென்டிரைவில் ஃபைலைப் போட்டு அங்கேயே ஏற்றிவிடலாம்.

நான் இதுவரை கைவைத்தது ஆறு மெஷின்தான். ப்ராசஸரே செத்துப்போன ஒரு கேஸ்கூட என்னிடம் வரவில்லை, அப்படி இருந்தால் கடைதான் வழி. தண்ணீர் கூலர் போட்ட மெஷினையும் நான் வெளியே எடுத்ததில்லை, ரேடியேட்டரோடு சேர்த்துக் கழற்ற வேண்டியிருக்கும், அங்கே உள்ளேயே பார்க்கிற வழிக்கு நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு இருக்கலாம். சாதாரண ஏர் கூலர் மெஷினுக்கு முக்கால் மணி நேர வேலைதான் இது.

வர்ற மாசம் வேலந்தாவளத்தில் மச்சானின் கூட்டாளிக்கு ஒன்று அசெம்பிள் செய்ய வேண்டியிருக்கிறது. அதைக் கேபினட்டில் ஏற்றுகிறதற்கு முன்பே அட்டைப்பெட்டி மேல் வைத்து டிஸ்பிளே பார்த்துவிடப் போகிறேன்.