பெரிய எல்லா, சின்ன எல்லா? வகுப்பறைத் தொழில்நுட்பத்தோடு என் ஆறு ஆண்டுகள்

ஆண்டிறுதியில் பள்ளியில் ஒரு சுயமதிப்பீட்டுப் பாரம் (படிவம்) தந்தார்கள். கற்றல் கற்பித்தலில் தொழில்நுட்பத்தை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி, 1 முதல் 4 வரை எண்கள். யோசிக்காமல் 4-ஐ வட்டமிட்டுக் கொடுத்துவிட்டேன். அதே வாரம் அலமாரியை ஒழிக்கும்போது 2020 முதல் அச்சிட்டுக் கோப்பில் போட்டு வைத்திருந்த நாள் பாடத்திட்டங்கள் கையில் கிடைத்தன. தரையிலேயே உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தேன்.

மலேசியாவின் பினாங்கில், பாலத்துக்கு இந்தப் பக்கம் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் படிநிலை இரண்டுக்கு (நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை) தமிழ்மொழி எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தெரியும், பாடத்திட்டத்தின் அடியில், பாடம் எப்படிப் போனது என்று எழுத 'சிந்தனை மீட்சி' என்று ஒரு கட்டம் இருக்கும். என் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "24/28 மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர்." கணினிக்கூடத்தில் நடத்திய பாடத்துக்கும் 24/28, வெண்பலகையில் எழுதிப்போட்ட பாடத்துக்கும் 24/28. மீதி நான்கு பேர் யார், எங்கே தடுமாறினார்கள் என்று ஒரு சொல் கிடையாது. அந்தக் கட்டத்தில் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எல்லாருக்கும் போலவே எனக்கும் இது 2020 மார்ச் 18-இல், கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையோடு தொடங்கியது. ஜூன் மாதம் கல்வி அமைச்சின் டெலிமா தளம் வந்தது. ஒரே அடையாளக் கணக்கில் கூகள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றின் கல்விச் செயலிகளையும் திறக்கலாம். நான் கூகள் வகுப்பறையை அழகாக அடுக்கி வைத்தேன். பிள்ளைகள் வந்தது என்னவோ புலனத்துக்குத்தான் (வாட்ஸ்அப்). வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு பிறையில் உள்ள தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விடும். "டீச்சர், அப்பா வந்ததும் அனுப்புறேன்" என்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் என் கைப்பேசி டிங் டிங் என்று அடிக்கும்.

அந்த டிங் டிங்கில்தான் எனக்கு ஒரு நல்ல பழக்கம் கிடைத்தது. 'சரியான வேகம், தொனி, உச்சரிப்பு, நிறுத்தக்குறிகளுக்கு ஏற்ப வாசித்தல்' என்பது பாடத்திட்டத்தில் இருக்கிறது. வகுப்பில் ஒரு வாரத்துக்கு ஐந்தாறு பேரைத்தான் வாசிக்க வைக்க முடியும். குரல் பதிவில் இருபத்தெட்டுப் பேரும் வாசித்தார்கள். ஒரு பையனின் பதிவில் பின்னாலிருந்து பாட்டியின் குரல்: "மலை இல்லடா, மழை. நாக்க மடி." அவன் மறுபடி சொல்கிறான், பாட்டி மறுபடி திருத்துகிறார். நாற்பது விநாடிப் பதிவில் பத்தி முடியவே இல்லை. ஆனால் அந்த 'ழ' வந்துவிட்டது. இன்னொருத்தி ஆறு தடவை அனுப்பி ஆறு தடவை அழித்தாள். ஏனம்மா என்று கேட்டேன். "என் குரல நானே கேட்டேன் டீச்சர், தப்பா இருந்துச்சு" என்றாள். எந்தச் சிவப்பு மையும் அந்த வேலையைச் செய்ததில்லை. பள்ளி திறந்த பிறகும் இதை விடவில்லை. வாரம் ஒரு பத்தி, வெள்ளிக்கிழமை இரவுக்குள்.

பதிவுகளைக் கேட்டுக் கேட்டுக் காது வலித்ததால் ஒருமுறை குறுக்கு வழி ஒன்றைப் பார்த்தேன். கைப்பேசியில் தமிழில் பேசினால் அதுவே எழுதித் தரும் வசதி இருக்கிறதே, பிள்ளை வாசிக்கட்டும், உச்சரிப்பு தவறினால் எழுத்தும் தவறாக வரும், பிழையை அதுவே காட்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு மாணவன் "காலையில் மலை பெய்தது" என்று தெளிவாகச் சொன்னான். திரையில் அழகாக விழுந்தது: 'காலையில் மழை பெய்தது'. மலை எங்கேயும் பெய்யாது என்று கருவிக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்துச் சொற்களைப் பார்த்து அதுவே திருத்திக்கொள்கிறது. "சரியா சொல்லிட்டேன் டீச்சர்" என்று பையன் துள்ளினான். அன்றோடு அதை மூடிவைத்தேன். கடிதம் எழுத வசதியான கருவிதான், உச்சரிப்பைச் சோதிக்க அதைப் பிடித்தது என் பிசகு.

இந்த ஆறு ஆண்டில் நான் செய்த பெரிய தவறு தட்டச்சில். கணினியில் தமிழ் என்றாலே எங்களுக்கெல்லாம் அஞ்சல் விசைமுறைதான். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு என்ற தமிழ் மென்பொருள் இல்லையென்றால் என் தலைமுறை ஆசிரியர்கள் பாதிப்பேர் இன்னும் கையால்தான் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருப்போம். ஒலியை வைத்து ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ் வரும், எனக்கு அது கைவந்த கலை. அதனால் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் சரசரவென்று தட்டினார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

சில மாதம் கழித்து, சாதாரணமாகச் சொல்வதெழுதுதல் நடத்தினேன். "பள்ளம்" என்றேன். நடு வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், பெரிய எல்லா, சின்ன எல்லா?"

அஞ்சலில் சின்ன எல் தட்டினால் ல, பெரிய எல் தட்டினால் ள, இசட் தட்டினால் ழ. அவளுக்கு ள என்பது நாக்கில் பிறக்கும் ஒலியாக இல்லாமல் ஷிஃப்ட் விசையாக ஆகிவிட்டது. சொல்லிக் கொடுத்தது நான்தான். நாட்டின் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் தொடங்கியது. இந்த ல, ள, ழ தலைவலியும் அன்றைக்கே தொடங்கியிருக்கும். அதற்கு ஒரு புது வடிவம் தந்த புண்ணியம் எனக்கு.

அடுத்த ஆண்டு தமிழ் 99 விசைமுறைக்கு மாறினேன். உயிரெழுத்து எல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க-வைத் தட்டி இ-யைத் தட்டினால் கி. க-வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். பெரியவர்களுக்குக் கை பழக மாதக்கணக்காகும், நானே இன்னும் தேடித்தேடித்தான் தட்டுகிறேன். ஆனால் விசைப்பலகையைப் புதிதாகப் பார்க்கும் பிள்ளைக்கு உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவது விரல் வழியாகவே புரிகிறது. வேகம் குறைவு. தலைமையாசிரியை எட்டிப் பார்க்கும்போது வகுப்பு முன்புபோல் பளிச்சென்று தெரியாது. பரவாயில்லை.

நகரும் யானையும் பறக்கும் எழுத்துகளும் வைத்த படவில்லைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் செய்தேன், பத்து நிமிடம் காட்டினேன், யானையை மறுபடி காட்டச் சொன்னார்கள்.

கஹூட்டை, அதாவது நிறப் பொத்தானை அழுத்தி விடை சொல்லும் இணையப் புதிர்ப்போட்டியை, ஒரு காலத்தில் வாரம் தவறாமல் நடத்தினேன். கணினிக்கூடத்தில் ஒரே ஆரவாரம். சீக்கிரம் அழுத்தினால் அதிகப் புள்ளி என்பதால் மெதுவாக வாசிக்கும் பிள்ளைகள் கேள்வியைப் படிக்காமலே ஏதாவது நிறத்தை அழுத்தினார்கள். கேள்விக்கான நேரத்தை நான்கு நிமிடம்வரை நீட்டலாம், புள்ளியே இல்லாமலும் நடத்தலாம். அது எனக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று.

இப்போது நான் அதிகம் நம்புவது பிளிக்கர்ஸ் அட்டைகளை. பிள்ளைகள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர முடியாத நம் சூழலுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. ஆளுக்கொரு காகித அட்டை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கறுப்புக் கோலம். விடை ஏ, பி, சி, டி எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிப்பார்கள். என் கைப்பேசியை வகுப்பு நெடுகக் காட்டினால் யார் என்ன விடை என்று திரையில் வந்துவிடும். பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது, எழுத்துகள் அவ்வளவு பொடி.

'அந்த + பையன்' எப்படிச் சேரும் என்று கேட்டேன். அதற்கு முன் கை தூக்கச் சொன்னபோது வகுப்பே 'அந்தப் பையன்' என்று தூக்கியது. அட்டையில் பாதிப்பேர் வலிமிகாமல் விட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் எப்போதும் தவறாமல் கை தூக்குகிற மாணவியும் அதில் உண்டு. இத்தனை நாளாக அவள் முன்வரிசையைப் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறாள். என் 24/28-இல் அவளை எப்போதும் அந்த 24-இல்தான் சேர்த்திருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் வகுப்பில் தொழில்நுட்பம் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று அளக்க, கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர் ரூபன் புவென்டெதுராவின் நான்கு படி மாதிரியைக் காட்டினார்கள். பழைய கருவிக்குப் பதிலாகப் புதுக் கருவியை வைப்பது அடிப்படி. தொழில்நுட்பம் இல்லாமல் செய்யவே முடியாத ஒன்றைச் செய்வது உச்சிப்படி. அந்தக் கணக்கில் என் அட்டைகள் கீழே எங்கோதான் நிற்கும். நிற்கட்டும். பேச்சை எழுத்தாக்கும் கருவியை வைத்து மேற்படிக்கு ஏறப் பார்த்தபோது என்ன நடந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

சரி, பாரத்தில் எனக்கு எத்தனை? மறுபடி கேட்டால் 2 என்று வட்டமிடுவேன். குரல் பதிவுக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. பாரம் போய்விட்டது, மாற்ற முடியாது. சிந்தனை மீட்சியில் மட்டும் இப்போதெல்லாம் எண்ணுக்குப் பிறகு தடுமாறிய பிள்ளையின் பெயரும் சொல்லும் எழுதுகிறேன்.

அட்டை அச்சிடப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். நான் போட்டேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னியதில் கைப்பேசி பாதி அட்டைகளைப் படிக்கவில்லை, எல்லாவற்றையும் மறுபடி தடித்த தாளில் அடித்தேன். அதிலும் 17-ஆம் எண் அட்டையின் முனை மடங்கிவிட்டது. திங்கட்கிழமைக்குள் அதை வேறு அடிக்க வேண்டும்.