கே1000-க்கு மூன்று லென்ஸ்: சுங்கை சிப்புட் வெயிலிலும் ஈரத்திலும் பார்த்தது

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ரொம்ப காலமாக இருந்த போட்டோ ஸ்டூடியோ ஒன்றை போன வருடம் மூடினார்கள். என் கல்யாணப் படம் அங்கே எடுத்ததுதான். கடைசி வாரத்தில் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். ஸ்டூடியோ மாமா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "டீச்சர், இது உங்களுக்கு ஆகுமா பாருங்க" என்று ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே பெண்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா. பாடி மட்டும்தான். லென்ஸை அவர் மகன் எப்போதோ விற்றுவிட்டாராம். ஷட்டர் எல்லா வேகத்திலும் ஒழுங்காக அடித்தது, வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசைந்தது. 250 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. நான் படிப்பிக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் லயங்களை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடிக்கப் போகிறார்கள். ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக டவுன் பக்கம் கட்டிய வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்துவிட்டேன். ஆனால் அங்கே இருக்கும் பாட்டிமார்கள் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர்கள் இல்லை. கையில் பிடித்துப் பார்க்க, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைக்க, அவர்களுக்குப் படம் வேண்டும்.

பாடி கிடைத்தாகிவிட்டது, லென்ஸ் தேட வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று வாங்கினேன், ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். நம் ஊர் மாதிரி இடத்தில் இருந்துகொண்டு பழைய பிலிம் கேமராவுக்கு லென்ஸ் பார்க்கிறவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் எது மாட்டும், எது மாட்டாது. கே1000 விற்பனைக்கு வந்தது 1976-இல். 1997 வரை தயாரித்தார்கள். அதில் இருப்பது கே மவுண்ட், திருகி மாட்டாமல் கால்வட்டம் திருப்பிப் பூட்டும் வாய். லென்ஸின் மேல், வெளிச்சம் நுழையும் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. இப்போதைய டிஜிட்டல் பெண்டாக்ஸுக்கு வரும் வளையம் இல்லாத லென்ஸும் வாயில் உட்காரும், ஆனால் படம் எடுக்கும் நேரத்தில் துவாரம் ஆகச் சிறியதாகச் சுருங்கிவிடும், பிலிம் வீண். கேனன் எஃப்டி, நிக்கான் லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். அவை வேறு வாய்.

நான் முதலில் வாங்கியது 50 மி.மீ., எஃப் 1.7 (மி.மீ. எண் கூடக் கூடப் படம் கிட்டே வரும்; எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம்). பெண்டாக்ஸ்-எம் வரிசை. 220 வெள்ளி. இதே 50-இல் எஃப் 2, எஃப் 1.7, எஃப் 1.4 என்று மூன்று உண்டு. கடைக்காரர்கள் 1.4-ஐத்தான் கையில் திணிப்பார்கள், விலையும் எனக்குச் சொன்ன இடத்தில் இரண்டு மடங்கு. 1.7-க்கும் 1.4-க்கும் வெளிச்சத்தில் உள்ள வித்தியாசம் சுமார் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அந்த அரை ஸ்டாப்புக்கு இன்னொரு 220 வெள்ளி கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. எஃப் 2 இன்னும் மலிவு. அதை எடுத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். 1.7-ஐ நான் எடுத்ததற்குக் காரணம் வ்யூஃபைண்டர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் இடம். என் பாடியில் நடுவில் மினுமினுக்கும் மைக்ரோபிரிசம் வட்டம் மட்டும்தான் உண்டு. லென்ஸ் வெளிச்சமாக இருந்தால்தான் அந்த மினுமினுப்பு நின்று உருவம் சட்டென்று தெளியும்.

லயத்து வீட்டுக்குள் இது எப்படி என்று சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணி, முன் கதவு திறந்திருக்கிறது, ஜன்னல் பலகை சாத்தியிருக்கிறது. கதவுப் படியில் பாட்டி ஒருவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தன் பழைய கத்தியைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பால் வெட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, கத்திக்கு மட்டும் இன்னும் துரு ஏற விடவில்லை. இல்ஃபோர்டு எச்பி5 பிலிம் போட்டிருந்தேன், வெளிச்சத்தை உணரும் வேகம் 400 ஏஎஸ்ஏ. எஃப் 2, நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்ததும் முள் நடுவில் வந்து நின்றது. நிலைப்படியில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்து ஒரு அழுத்து. பிரிண்ட் வந்தபோது கத்தி நுனியின் வளைவும் பாட்டியின் கட்டைவிரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பும் கூராக விழுந்திருந்தன. பின்னால் இருந்த கரண்ட் மீட்டர் பெட்டியும் காலண்டரும் மெல்லக் கரைந்திருந்தன. இந்த லென்ஸ் ஒன்றரை அடி வரை கிட்டே போக விடும். அதனால்தான் அந்தக் கையை அப்படி எடுக்க முடிந்தது.

இரண்டாவது 135 மி.மீ., எஃப் 3.5. இதில்தான் எனக்கு அடி. ஈப்போவில் பழைய கேமரா சாமான் விற்கும் ஒரு கடையில் 180 வெள்ளிக்கு எடுத்தேன். "கண்ணாடி சுத்தம் டீச்சர், ஒண்ணுமே இல்ல" என்றார் கடைக்காரர். கடை வாசலில் வானத்தைப் பார்த்துப் பிடித்தேன், தெளிவாகத்தான் தெரிந்தது. ஊருக்கு வந்து ஸ்டூடியோ மாமாவிடம் காட்டினேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, வளையத்தை 3.5-இல் வைத்து, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தார்.

உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக, மெல்லிய வேர் வேராக, சிலந்தி நூலைவிடச் சன்னமாகப் படர்ந்திருந்தது. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கிளை விட்டிருந்தது. பூசணம். டார்ச்சை நேராக அடித்தால் மறைந்துவிடுகிறது, சாய்த்தால்தான் எழுந்து நிற்கிறது. கடை வாசல் வெளிச்சத்தில் நான் ஏன் பார்க்கவில்லை என்பது அப்போது புரிந்தது.

மறுநாள் கடைக்குப் போன் போட்டேன். பழைய சாமானுக்கு மாற்றுக் கிடையாது, பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். "சுத்தம்" என்று வாய் நிறையச் சொல்லி விற்றுவிட்டு இப்படிக் கைவிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. மாமாவே பிரித்துத் துடைத்துக் கொடுத்தார், 60 வெள்ளி வாங்கிக்கொண்டார். பூசணம் போய்விட்டது. ஆனால் அது உட்கார்ந்திருந்த இடத்தில் கண்ணாடிப் பூச்சைத் தின்றிருக்கிறது, கடுகளவு தடம் நிற்கிறது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் லேசாக வெளுக்கிறது. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே நம் ஊரில் எந்தப் பழைய லென்ஸ் வாங்கப் போனாலும் பையில் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும். பெயர், எஃப் எண், விலை எல்லாம் அதற்கு அப்புறம். மழையும் வெக்கையும் மாறி மாறி வரும் இந்தக் காற்றில் நாற்பது வருடம் அலமாரியில் கிடந்த கண்ணாடி இது. உள்ளே இரண்டு மூன்று தூசி இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. முன் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். பின் கண்ணாடிக் கீறலும் பூசணமும்தான் ஆகாது. இன்னொன்றும் மாமா காட்டிக்கொடுத்தார். வளையத்தை எஃப் 22-இல் வைத்து, லென்ஸின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்புகோலை நகத்தால் தள்ளி விடுங்கள். உள்ளிருக்கும் தகடுகள் கண்ணிமைப்பது போலப் படக்கென்று மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் தகட்டில் எண்ணெய் கசிந்திருக்கிறது. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

135-ஐ வாங்கியதே தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்காகத்தான். காலையில் பால்குடம் வரும்போது அருமையாக வேலை செய்தது. கூட்டத்தை இடிக்காமல் ஓரமாக நின்று, குடத்தைப் பிடித்த கைகளையும் மஞ்சள் நீர் வழிந்த முகங்களையும் தனித்தனியாக எடுக்க முடிந்தது. சாயங்காலம் தீமிதிக்கு இது ஆகவில்லை. இந்த நீளத்துக்கு ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்கைவிட மெதுவானால் என் கைக்கு ஆடிவிடுகிறது. எஃப் 3.5-ஐத் திறந்து வைத்தும் முள் கீழேயே கிடந்தது. வ்யூஃபைண்டரும் இருண்டுவிட்டதால் ஃபோகஸ் பிடிக்கத் தடவ வேண்டியிருந்தது. பிலிமை 1600 ஏஎஸ்ஏ என்று வைத்து எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டச் சொல்லலாம் என்கிறார் மாமா. அடுத்த வருடம் அப்படிச் செய்து பார்க்க எண்ணம். தீமிதிக்கு நான் கடைசியில் 50-ஐயே மாட்டி, குழிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

135-லேயே "டகுமார்" என்று மட்டும் பெயர் போட்ட எஃப் 2.5 ஒன்றும் கே மவுண்ட்டில் உண்டு. எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது மலிவு வரிசை, எஸ்எம்சி பூச்சு கிடையாது. பெண்டாக்ஸ் 1971-இல் கொண்டுவந்த பல அடுக்குப் பூச்சு அது. நம் வெயிலில் அந்தப் பூச்சு இருக்கிற லென்ஸ், இல்லாத லென்ஸ் எது என்பது படத்தில் உடனே தெரியும். முன் வளையத்தில் எஸ்எம்சி என்ற மூன்றெழுத்தைத் தேடிப் பாருங்கள்.

இரவல் வாங்கியது மாமாவின் சொந்த லென்ஸ், சூப்பர் டகுமார் 50 மி.மீ., எஃப் 1.4. கே மவுண்ட்டுக்கு முந்தைய, திருகி மாட்டும் எம்42. பெண்டாக்ஸின் சொந்த அடாப்டர் வளையம் போட்டால் கே1000-இல் உட்காரும், தூரத்து மலை வரை ஃபோகஸும் வரும், ஏனென்றால் இரண்டு மவுண்ட்டிலும் பிலிமுக்கு உள்ள தூரம் ஒன்றுதான். விளிம்பு வைத்த மலிவு அடாப்டர் வாங்கினால் அந்தத் தூரம் கூடிப்போய் மலை மங்கிவிடும். ஆனால் மாமாவின் கண்ணாடி தேத்தண்ணி நிறத்தில் மஞ்சளித்திருந்தது. அதில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, நாளாக நாளாக அப்படி ஆகும். பத்து நாள் வெயிலில் வைத்தோம், பாதிக்கு மேல் தெளிந்துவிட்டது. அழகான லென்ஸ்தான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் துவாரத்தைக் கையால் சுருக்கி வெளிச்ச அளவு பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிற வேகத்துக்கு எனக்குத் தோதுப்படவில்லை.

மூன்றாவது 28 மி.மீ., எஃப் 2.8. டார்ச் அடித்துப் பார்த்து 260 வெள்ளிக்கு எடுத்தேன். மூன்றிலும் மனதுக்குப் பிடித்தது இதுதான். அகல லென்ஸ் என்றால் முகம் கோணும் என்று முதலில் ஒதுக்கி வைத்திருந்தேன். ஓரத்தில் ஆளை நிறுத்தினால் கோணத்தான் செய்கிறது, அதனால் ஆளை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஆனால் லயத்தை எடுக்க வேறு வழியில்லை. கணக்காகவே சொல்கிறேன். பன்னிரண்டு அடி தள்ளி நின்றால் 135-க்குள் மூன்று அடி அகலம்தான் வரும், ஒரு ஆள். 50-க்குள் எட்டரை அடி, ஒரு வாசலும் திண்ணையும். 28-க்குள் பதினைந்து அடி, ஒரு வீடு முழுசாக, பக்கத்து வீட்டுத் துணிக்கொடியின் நுனியோடு. சமையல்கட்டுக்குள்ளும் இதுதான் நுழையும். ஒரு அடி வரை கிட்டே போகலாம், எஃப் 8-இல் வைத்தால் அடுப்பும் தெளிவு, அடுப்புக்குப் பின்னால் நிற்கிற ஆளும் தெளிவு.

ஜூம் லென்ஸ்களைப் பற்றிக் கேட்பார்கள். பழைய ஜூம்கள் கனம், உள்ளே கண்ணாடி அதிகம், பூசணம் குடியேற இடமும் அதிகம். நான் தொடவில்லை.

வாங்கியதைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு வார்த்தை. கேமராவோடு வரும் தோல் உறையில் வைக்காதீர்கள், ஈரம் குடித்த தோல் பூசணத்துக்குத் தாய்வீடு. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் முள் நின்றால் போதும். நான் வாங்கும் ஜெல் நீலமாக இருந்து ஈரம் குடித்ததும் ரோஸ் நிறமாகும், சமையலுக்கு எடுக்காத ஒரு சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலம். கேமராவை எடுத்து வைக்கும்போது லென்ஸ் மூடியைப் போட மறக்க வேண்டாம். கே1000 மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டால் எல்ஆர்44 பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் 28-இல் எடுத்த லயத்துப் படத்தைப் பெரிதாகப் போட்டு அந்தப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர் லயத்துத் திண்ணையில் முதுகை ஒட்டி நின்று எடுத்தது. கண்ணுக்குக் கிட்டே பிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு கதவாக எண்ணினார். நாலு கதவு, அப்புறம் பாதி வீடு.

"ஆறு வீடு டீச்சர் இது. கடைசி வீட்ட காணோமே. எங்க அக்கா அங்கதான் இருந்தாங்க."

இரண்டு லயத்துக்கும் நடுவே ஐம்பது அடிதான். அந்தத் தூரத்தில் இந்த லென்ஸுக்குள் அறுபத்து நாலு அடி வரும், லயமோ எண்பது அடிக்கு மேல். பின்னால் போகவும் இடமில்லை, சுவர். இன்னும் அகலமான லென்ஸ் தேட எனக்கு நேரமும் இல்லை, இடிக்கத் தேதி குறித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை அதே லென்ஸோடு போனேன். முதல் மூன்று வீட்டை ஒரு படத்திலும், திண்ணை வழியே நாற்பது அடி தள்ளிப் போய் அடுத்த மூன்றை ஒரு படத்திலும் எடுத்தேன். நாலாவது வீட்டு வாசலில் இருக்கும் மருதாணிச் செடி இரண்டு படத்தின் ஓரத்திலும் விழும்படி பார்த்துக்கொண்டேன், அந்த இடத்தில் ஒட்டலாம். பிலிமைக் கழுவ கோலாலம்பூருக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.