வழக்கில் இருக்கும் பெண்ணையும் நோயாளியாகப் பார்க்கும் ஒரு மறுவாழ்வு மையம் – எங்கள் அனுபவம்

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற பக்கம், ஊரை விட்டுத் தள்ளி, பெண்களுக்கு மட்டும் என்று நடக்கிற ஒரு போதை மறுவாழ்வு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரும் முகவரியும் போடவில்லை. அங்கே தங்கியிருப்பவர்களில் பலர் மேல் வழக்கு நடக்கிறது, அவர்களுக்குச் சரக்கு கொடுத்துப் பழக்கினவர்கள் வெளியேதான் திரிகிறார்கள், இடம் தெரிந்தால் வாசலுக்கே வந்து நிற்பார்கள். தேவைப்படுகிறவர்கள் இந்த மாதிரி இடத்தை எப்படித் தேடுவது என்று கீழே சொல்கிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன்.

நாங்கள் சேர்த்தது என் சின்னம்மா மகளை. புருஷன் குடிக்கும்போது கூட உட்காரவைத்துப் பழக்கினான், அப்புறம் கஞ்சா, அப்புறம் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்குகிற வலி மாத்திரை. கடைசியில் அவனுடைய கூட்டாளி கொடுத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனவள் பிடிபட்டாள், உள்ளே அரைக் கிலோ கஞ்சா. பெண்ணை உடல் சோதனை போடுவதென்றால் பெண்தான் போட வேண்டும் என்பது சட்டம், அதைக் கணக்குப் பண்ணியே வியாபாரிகள் பையைப் பெண்கள் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். சம்பாதிக்கிறவன் ஒருத்தன், ஜெயிலுக்குப் போகிறவள் இன்னொருத்தி.

ஜாமீனில் வந்ததும் எங்கள் மாமா சொன்னது, "உள்ள இருந்த வரைக்கும் தொடவே இல்லையேம்மா, அதான் விட்டுப்போச்சே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" இப்படி நினைக்கிற குடும்பங்கள் நிறைய. கிடைக்காததால் நின்றது வேறு, விட்டது வேறு. அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது: கொஞ்ச நாள் நிறுத்தியதும் பழைய அளவைத் தாங்குகிற சக்தி உடம்புக்குப் போய்விடும், வெளியே வந்து முன்பு போட்ட அதே எண்ணிக்கையில் அந்த மாத்திரைகளைப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். ஜெயிலை விட்டு வந்த முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு ரொம்ப ஆபத்தான காலம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். அவளும் வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் வேறொரு இடத்தில் சேர்த்திருந்தோம். ஆண்கள் மையம், பின்னால் இரண்டு அறையைத் தடுத்துப் பெண்கள் பிரிவு என்று போர்டு வைத்திருந்தார்கள். பேன் இருக்கிறது என்று சொல்லி வந்த அன்றைக்கே முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், யூனிபார்ம் கொடுத்தார்கள், எல்லோருக்கும் சமையல் இவள்தான். 2017-ம் வருட மனநல பராமரிப்புச் சட்டத்தில் போதைப் பழக்கத்தால் வருகிற மனநலப் பாதிப்புகளும் சேர்த்திதான். கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, சொந்த உடை உடுத்த விட வேண்டும், கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, மாதவிலக்குக்குத் தேவையானதைக் கொடுக்க வேண்டும், எல்லாம் அதில் எழுத்திலேயே இருக்கிறது. "கேஸ்ல இருக்கிற பொண்ணு, எங்க போயி சொல்லப் போறா" என்ற தைரியம் அவர்களுக்கு. சண்டை போட்டுக் கூட்டிவந்தோம்.

இந்த மையத்தில் முதல் வித்தியாசம், சேர்க்கும்போது வழக்கு எண்ணைக் கேட்பதற்கு முன்னால் கடைசியாக எப்போது குடித்தாள், எந்த மாத்திரை, எத்தனை, வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். தினமும் நிறையக் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், சரியாகக் கவனிக்காவிட்டால் உயிரே போகும். நர்ஸம்மா சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரலை விரிக்கச் சொல்லி, விரல்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்ப்பார். தாள் எவ்வளவு படபடக்கிறதோ அதைச் சார்ட்டில் எழுதி, டாக்டரிடம் போனில் சொல்லி, மாத்திரை அளவை மாற்றுவார். முதல் நாள் அந்தத் தாள் விரலில் நிற்கவே இல்லை. வாரக் கடைசியில் அப்படியே கிடந்தது, அவளே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். நிலைமை மோசமானால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று முதலிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கினது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் எங்களாலேயே முடியும் என்று சொல்கிற இடத்தை நம்பாதீர்கள்.

நான்கு நட்சத்திரம் கொடுப்பதற்கு முக்கியக் காரணம், கோர்ட்டு வேலையை இவர்கள் தலைமேல் எடுத்துக்கொண்ட விதம். எங்களுக்கு நிபந்தனை ஜாமீன், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. உள்நோயாளியாகப் படுத்திருக்கிறவள் எப்படிப் போய்க் கையெழுத்துப் போடுவாள்? போகாவிட்டால் ஜாமீன் ரத்தாகும், போனால் சிகிச்சை போச்சு. பல பெண்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். இங்கே கோர்ட்டு விஷயம் பார்ப்பதற்கென்றே ஒரு அக்கா இருக்கிறார். சேர்ந்த தேதி, டாக்டரின் கருத்து, எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்று லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்து எங்கள் வக்கீல் நிபந்தனை தளர்வு மனு போட்டார். உத்தரவு வருகிற வரை அந்த அக்காவே தினமும் ஆட்டோவில் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார்.

வாய்தா அன்றைக்கு அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற மாவட்டக் கோர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். சொந்தப் புடவைதான், மத்தியான மாத்திரை சின்னக் கவரில் அக்காவின் கைப்பையில். கூப்பிடுகிற வரை வராந்தாவில் காத்திருக்கும்போது பழைய கூட்டாளி ஒருத்தன் சிரித்துக்கொண்டே வந்தான். அக்கா எதுவும் பேசவில்லை, எழுந்து அவளுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார், "டீ குடிக்கிறியா தாயி?" என்று அவளிடம் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

போதைப்பொருள் வழக்கு என்றாலே எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்திய வழக்கிலோ, சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ மாட்டி, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குக் கேட்கலாம். பாதியில் விட்டுவிட்டு ஓடினால் விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தண்டனை என்று வந்தாலும் 39-ம் பிரிவுப்படி, சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால், ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு. ஆனால் அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகாரம் உள்ள இடத்தில் எடுத்த சிகிச்சையைத்தான் சட்டம் சொல்கிறது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கீகாரச் சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

குழந்தை விஷயம். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பையன். மனநலச் சட்டப்படி மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தையைச் சிகிச்சையில் இருக்கிற தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து என்றால்தான் பிரிக்கலாம். நடுக்கம் இருந்த முதல் நாட்களில் சின்னம்மா வைத்திருந்தார், அப்புறம் பையனை உள்ளேயே விட்டார்கள், ஜன்னல் ஓரத்தில் புடவைத் தொட்டில் கட்டிக்கொடுத்தார்கள். குழந்தையை யார் பார்ப்பது என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சைக்கே வராத பெண்கள் எத்தனை பேர்! ஆண்களுக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை.

கவுன்சிலிங்கும் நன்றாக இருந்தது. ஏன் குடித்தாய் என்று தொடங்கவில்லை, வீட்டில் யார் அடிப்பார்கள், ராத்திரி பயமில்லாமல் தூங்குவாயா என்று கேட்டிருக்கிறார்கள். சிறையில் இருக்கும் பெண்களுக்குப் போதை சிகிச்சை கொடுக்கும்போது அவர்கள் முன்பு பட்ட கொடுமைகளையும், கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தை வைத்திருப்பவர்களின் தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2010-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளே சொல்கின்றன. சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கிற குடிநிறுத்த மருந்தைப் பற்றிச் சின்னம்மா கேட்டபோது டாக்டர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். தெரியாமல் கொடுத்து, அதுக்கு மேல் அவள் குடித்தால் நெஞ்சு அடைத்துச் செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு என்றார்.

சரி, குறைகள். கட்டணம் மாதம் 12,000, கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு இது பெரிய தொகை, நாங்கள் நகையை வைத்துத்தான் கட்டினோம். பார்வையாளர் நேரம் ஞாயிறு மட்டும், அதுவும் மதியத்துக்குள், உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து பஸ் மாறி வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. சாப்பாடு பரவாயில்லை ரகம். பெரிய குறை, வீட்டுக்கு அனுப்பிய பிறகு தொடர்பு விட்டுப்போகிறது. மாதம் ஒரு தடவை போன் வரும், அவ்வளவுதான். குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள், எங்கள் பக்கம் நடக்கிற கூட்டம் இருட்டின பிறகு, வருகிறவர்கள் எல்லாம் ஆண்கள், வழக்கில் பெயர் அடிபட்ட ஒரு பெண் தனியாக அங்கே எப்படிப் போய் உட்காருவாள்? வாரம் ஒரு பகலில் பெண்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் நடத்தினால் போதும். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படி இடங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்றால், 2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில் நாட்டு ஆண்களில் குடிக்கிறவர்கள் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். அதைப் பார்த்து எல்லோரும் ஆண்களுக்கே கட்டுகிறார்கள். அதே கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

தேடுகிறவர்கள் 14446-க்குப் போன் பண்ணுங்கள், போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச எண், பெண்களை உள்நோயாளியாகச் சேர்க்கிற இடம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். காசில்லை என்றால் ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு முதலில் போங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், அதற்குப் போன் எண் 15100. வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைச் சேர்ந்த தேதி, முடிந்த தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஒரு நகலை அன்றைக்கே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு முதலில் கொடுத்ததில் பதிவு எண் விட்டுப்போயிருந்தது, கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள்.